செட்டிநாட்டில் நூலகம்: சேகரித்த கையும் திறந்திருக்கும் கதவும்

பாரதியார் கையில் தடியுடன் நிற்கும் புகைப்படத்தைப் பார்க்காத தமிழர் அநேகமாக இல்லை. அந்தப் படம் 1919ஆம் ஆண்டில் காரைக்குடியில் எடுக்கப்பட்டது என்பதும், அந்த ஊரில் அவர் நாடிச் சென்ற இடம் இளைஞர்கள் சிலர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கியிருந்த இந்து மதாபிமான சங்கம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. 1917இல் சொ. முருகப்பா, ராய. சொக்கலிங்கன் முதலியோர் கூடித் தொடங்கிய அந்தச் சங்கத்தின் வேலை எளிமையானது: கூடிப் படிப்பது, படித்ததைப் பேசுவது, பேசத் தெரிந்தவர்களை வெளியூர்களிலிருந்து அழைத்து ஊரைக் கேட்கச் செய்வது. பாரதியார் அந்தச் சங்கத்தாரைப் பாடலாகவே வாழ்த்தினார். அடுத்த சில ஆண்டுகளில் அதே வட்டத்திலிருந்து ‘தனவைசிய ஊழியன்’, ‘குமரன்’ ஆகிய இதழ்கள் புறப்பட்டன. படிப்பதற்காகக் கூடியவர்கள் எழுதவும் அச்சிடவும் சீர்திருத்தம் பேசவும் தொடங்கினார்கள். நூலகம் என்பது புத்தகம் வைத்திருக்கும் இடம் மட்டுமல்ல, அது ஊரைக் கூட்டும் இடம் என்று இன்று சொல்லப்படுவதன் பொருளைச் செட்டிநாடு நூறு ஆண்டுகளுக்கு முன்பே அனுபவத்தில் கண்டிருக்கிறது.

ஆனால் இந்த வரலாற்றைப் பெருமையாக மட்டும் சொல்லி நிறுத்துவது சரியாகாது. செட்டிநாட்டில் புத்தகத்துக்குக் கொடை கொடுக்க ஆள் இல்லாமல் போனதே இல்லை. கோயில் திருப்பணிக்குக் கொடுத்த அதே கை பதிப்புக்கும் பள்ளிக்கும் தமிழ்க் கல்லூரிக்கும் கொடுத்தது. கொடையால் கட்டடம் எழுந்துவிடும், அலமாரியும் நிறைந்துவிடும். ஊர் அங்கே கூடுகிறதா என்பதை முடிவு செய்பவை வேறு: கதவு எந்த நாளில் எத்தனை மணிக்குத் திறக்கிறது, உள்ளே இருப்பவர் யாரை எப்படி வரவேற்கிறார், அலமாரியில் யாருடைய வாழ்க்கை இருக்கிறது. இவை மூன்றும் பணத்தைவிடக் கடினமானவை என்பதே என் கருத்து.

சேகரிப்பின் உச்சம் எது என்றால் கோட்டையூரைத்தான் காட்ட வேண்டும். சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகத் தொழில் செய்த ரோஜா முத்தையா செட்டியார், பழைய புத்தகங்களின் மீது கொண்ட பற்றினால், நூல்களோடு இதழ்களையும் நாடக நோட்டீசுகளையும் பாட்டுப் புத்தகங்களையும் திருமண அழைப்பிதழ்களையும் சேர்க்கத் தொடங்கினார். அறிஞர்கள் மதிக்கும் நூல்களோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. கூத்து மேடையில் விற்ற காலணாப் பாட்டுப் புத்தகத்தையும் நாளைக்கு யாருக்கோ தேவைப்படும் என்று நினைத்தார். அவருடைய கோட்டையூர் வீட்டுக்கு ஆய்வாளர்கள் தேடி வந்தார்கள். 1992இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் அங்கே இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியது. கடல் கடந்து கொண்டுபோகாமல் சென்னையிலேயே 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானதும், நுண்படமாகவும் பின்னர் மின்வடிவிலும் அந்தத் தாள்கள் காக்கப்படுவதும் தமிழுக்குக் கிடைத்த பேறு. இருந்தும், கோட்டையூரில் பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளைக்கு, தன் தெருவில் இருந்த ஒரு மனிதர் தமிழ் அச்சு வரலாற்றின் பெரும்பகுதியைக் காப்பாற்றினார் என்பதைக் கண்ணால் காண இன்று வழியில்லை. சேகரம் காக்கப்பட்டது, ஊர் அதிலிருந்து விலகிவிட்டது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. கறையானுக்கும் கசிவுக்கும் கொடுத்துவிடுவதைவிட இடம் பெயர்ப்பதே நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் சேகரிப்பதும் கூட்டுவதும் வெவ்வேறு வேலைகள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு இந்த மண்ணில் இல்லை.

கூட்டுவது எப்படி என்பதற்கும் இதே மண்ணில் ஒரு பாடம் இருக்கிறது. கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கியபோது, விழாவுக்கு நாள் தேட வேண்டிய நிலையையே அவர் வைக்கவில்லை. பங்குனி மாதம் மகம், பூரம், உத்திரம் ஆகிய நாள்களில் காரைக்குடி, அத்தத்தன்று கம்பன் சமாதி உள்ள நாட்டரசன்கோட்டை என்று நட்சத்திரக் கணக்கில் அவர் நிலைநிறுத்திவிட்டார். அழைப்பிதழ் வராவிட்டாலும் பங்குனி பிறந்ததும் எந்த நாளில் எங்கே போக வேண்டும் என்பது கேட்பவர்களுக்குத் தெரியும். குறித்த மணிக்குத் தொடங்கிக் குறித்த மணிக்கு முடிப்பதில் அவர் காட்டிய கண்டிப்பைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். பட்டிமண்டபம் இன்றைய வடிவில் தமிழ்நாடெங்கும் பரவியதில் அந்த மேடைக்குப் பெரும் பங்குண்டு. ஒரு காப்பியத்தைத் தனியே படித்துப் புரிந்துகொள்ள வாய்ப்பில்லாத வணிகரும் கணக்குப்பிள்ளையும் வீட்டுப் பெண்களும் வாலி வதம் நியாயமா என்று வீடு திரும்பும் வழியெல்லாம் வாதாடிக்கொண்டு போனார்கள் என்றால், அதுவும் வாசிப்புதான். நூலக நிகழ்ச்சிகளை நடத்துபவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மேடை அலங்காரத்தை அல்ல, நாள் தவறாமையை. நூலக வார விழா என்று நவம்பர் 14 முதல் 20 வரை ஆண்டுக்கு ஒருமுறை பரிசு கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதால் பழக்கம் உருவாவதில்லை. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மாலை ஐந்து மணி என்று வைத்து, ஐந்து பேர் வந்தாலும் ஐம்பது பேர் வந்தாலும் நடத்தினால்தான், ஆறாவது மாதத்தில் ஊர் அதைத் தன் நாள்காட்டியில் எழுதிக்கொள்கிறது.

இங்கே பொது நூலகங்களின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் செட்டியாரின் முயற்சியாலும் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதனின் வழிகாட்டுதலாலும் 1948இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவில் நூலகத்துக்கென வந்த முதல் சட்டம். அதன் உயிர்நாடி நூலக வரி. உள்ளாட்சி அமைப்புகள் வசூலிக்கும் சொத்துவரியில் ரூபாய்க்கு 10 காசு மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் சேர வேண்டும். செட்டிநாட்டில் ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடந்து, மாசியில் முன்னோரை வணங்கும் படைப்புக்கோ ஒரு கல்யாணத்துக்கோ மட்டும் திறக்கப்படும் வளவு வீட்டுக்கும் வரி உண்டு, ஆகவே அந்த வீடும் பக்கத்துத் தெருவின் நூலகத்துக்குப் பங்கு கொடுத்துக்கொண்டிருக்கிறது. சிங்கப்பூரில் இருந்துகொண்டு வரி செலுத்துகிற வீட்டுக்காரருக்கு இது தெரிந்தால் மகிழ்வார் என்றே நினைக்கிறேன். அந்த நூலகம் இயங்குவதில் அவருக்கு உரிமையும் உண்டு, கேள்வி கேட்கும் இடமும் உண்டு.

செட்டிநாட்டு ஊர்கள் இன்று சிவகங்கை, புதுக்கோட்டை என இரண்டு மாவட்டங்களில் பிரிந்து கிடப்பதால், உறவுமுறையில் ஒன்றாகவும் கோயில் பிரிவில் ஒன்றாகவும் இருக்கும் ஊர்கள் நூலக நிர்வாகத்தில் இரண்டு ஆணைக்குழுக்களின் கீழ் வருகின்றன. மாவட்ட மைய நூலகம், அதன் கீழ்க் கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று படிப்படியாக அமைப்பு இறங்குகிறது. ரூ. 1,000 கட்டினால் புரவலர் ஆகலாம். ஒவ்வொரு நூலகத்திலும் வாசகர் வட்டம் என்று ஒன்று அமைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை, ஆகவே பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாத ஞாயிற்றுக்கிழமை நூலகம் திறந்திருக்கும். இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் வாசகரை மனத்தில் வைத்துத்தான் செய்திருக்கிறார்கள்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஒரு மாலைப் பொழுது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். நீள மேசையின் ஒரு பக்கம் தினசரிகள் கிடக்கும். ஒரே நாளிதழை நான்கு பேர் தாள் தாளாகப் பிரித்துப் படிப்பார்கள். தலைப்புப் பக்கம் ஓய்வு பெற்ற வாத்தியாரிடமும், விளையாட்டுப் பக்கம் ஆத்தங்குடிக் கல் பட்டறையில் வேலை முடித்துச் சிமெண்டுத் தூசி படிந்த கையோடு வந்த இளைஞரிடமும் இருக்கும். படித்து முடித்ததும் கேட்காமலேயே மாற்றிக்கொள்வார்கள். தெருவில் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைத்துக்கொள்ளாத இருவர் அந்த மேசையில் தாள் மாற்றிக்கொள்வதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். மேசையின் மறுபக்கம் தேர்வாணையத் தேர்வுக்குப் படிக்கும் பெண்கள் இருப்பார்கள். அவர்கள் நூலகப் புத்தகத்தைத் தொடுவது குறைவு. தங்கள் வழிகாட்டி நூல்களையும் வினாத்தாள் கட்டுகளையும் கொண்டுவந்து மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிப்பார்கள்.

இப்படி வருபவர்களை வாசகர் கணக்கில் சேர்ப்பதா என்று சிலர் கேட்கிறார்கள். நூலகத்தைத் தேர்வு மையம் ஆக்கிவிட்டார்கள் என்ற வருத்தம் இலக்கிய நண்பர்களிடம் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. வீட்டில் தனி அறை இல்லாத, இருந்தாலும் அடுப்படியிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருக்கும் ஒரு பெண்ணுக்கு, யாரும் எழுப்பாமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்க ஊரில் உள்ள ஒரே இடம் நூலகம். கோயிலில் அவ்வளவு நேரம் உட்கார்ந்தால் என்ன கவலை என்று கேட்பார்கள், பேருந்து நிலையத்தில் உட்கார முடியாது, தேநீர்க் கடை அவளுக்கானதே அல்ல. ‘நூலகம் போகிறேன்’ என்று சொன்னால் மட்டும் வீட்டில் மறுப்பு வருவதில்லை. அங்கே வந்தவர்கள் ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொள்கிறார்கள், விண்ணப்பக் கடைசி நாளை நினைவுபடுத்துகிறார்கள், ஒருத்திக்கு வேலை கிடைத்தால் மற்றவர்களுக்கு மிட்டாய் வாங்கி வருகிறாள். அவர்களிடம் சிறுகதைத் தொகுப்பு ஒன்றை நீட்டத் தெரிந்த நூலகர் இருந்தால், இடைவேளையில் அதையும் படிப்பார்கள். படித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அனைவருக்குமான சேகரம் என்ற பேச்சை எடுத்தால், 1931ஆம் ஆண்டை நினைக்காமல் இருக்க முடியாது. அந்த ஆண்டில் இரங்கநாதன் தம்முடைய நூலகவியலின் ஐந்து விதிகளைச் சென்னையில் வெளியிட்டார். நூல்கள் பயன்பாட்டுக்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும், நூலகம் வளரும் உயிர் என்பவை அவை. அதே 1931இல், செட்டிநாட்டின் பெரும்பகுதி அடங்கியிருந்த இராமநாதபுர மாவட்டத்தில், தாழ்த்தப்பட்ட மக்கள் மீது ஆதிக்கச் சாதியினர் பதினொரு தடைகளை விதித்தார்கள் என்று அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். அவர்களுடைய பிள்ளைகள் எழுத்தறிவு பெறக் கூடாது, மாடு மேய்க்க மட்டுமே அனுப்பப்பட வேண்டும் என்பதும் அந்தத் தடைகளில் அடக்கம். ‘ஒவ்வொரு வாசகருக்கும்’ என்ற சொல் எவ்வளவு கனமானது என்பதை அந்த இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் உணர முடியும். சிராவயலில் ஆசிரமம் நடத்திய ஜீவானந்தத்தை 1927இல் காந்தியடிகள் சென்று சந்தித்தார் என்பதையும், காரைக்குடியிலிருந்தே 1930களில் ‘மாதர் மறுமணம்’ என்ற பெயரில் ஓர் இதழ் வந்தது என்பதையும் இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். தடை போட்ட மண்ணில்தான் தடையை எதிர்த்தவர்களும் நின்றார்கள். இந்த இரண்டு வரலாறுகளும் செட்டிநாட்டு நூலக அலமாரியில் இருக்க வேண்டியவை. தலித் எழுத்தும் பெண்களின் தன்வரலாறுகளும் தனியொரு தட்டில் ‘சிறப்புப் பிரிவு’ என்று ஒதுங்காமல், நாவலோடு நாவலாக, வரலாற்றோடு வரலாறாக நிற்க வேண்டும். தன் பாட்டன் வாழ்ந்த வாழ்க்கையை ஒரு பக்கத்தில் கண்ட பிள்ளை அடுத்த வாரமும் நூலகத்துக்கு வருவான். அடுத்த வீட்டுப் பிள்ளையும் அதே பக்கத்தைப் படித்தால் அவனுக்குத் தெரியாதிருந்தது தெரியவரும்.

உள்ளே வர முடிவது முதல் படி. மேலைச்சிவபுரியில் 1909இல் சன்மார்க்க சபையைத் தோற்றுவித்த பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார், இளமையிலேயே நோயால் கால் பாதிக்கப்பட்டு ஊன்றுகோலின் துணையோடு நடந்தவர். பள்ளியில் சில மாதங்களே படித்து, பிறகு தாமே தமிழும் வடமொழியும் கற்றவர். அப்படி ஒருவர் இன்று எங்கள் ஊர் நூலகத்துக்கு வந்தால் ஐந்து படிகள் ஏற வேண்டும், பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. படியேற முடியாத ஒரு பெரியவர் வாசலிலேயே அமர்ந்துவிடுவார், நூலகர் நாளிதழின் நடுத்தாளைக் கொண்டுவந்து கொடுப்பார். அந்த நூலகரின் அன்பு பெரிது, ஆனால் அன்பைச் சாய்தளத்துக்கு ஈடாக வைத்துவிடக் கூடாது. நடக்க இயலாதவர்களுக்கு வீட்டுக்கே நூல் கொண்டுபோகத் தன்னார்வலர்களைச் சேர்க்கும் நூலக நண்பர்கள் திட்டம் இங்கே மிகவும் பொருந்தும். பிள்ளைகள் எல்லாரும் வெளியூரில் இருக்க, பெரிய வீட்டில் தனியே இருக்கும் ஆச்சிமார்கள் இந்த ஊர்களில் ஏராளம். கண் மங்கியவர்களுக்கு வாசித்துக் காட்ட ஒரு மாணவி வாரம் ஒரு மணி நேரம் போனால், அந்த ஒரு மணி நேரத்துக்காக ஆச்சி ஆறு நாள் காத்திருப்பார்.

அலமாரியைப் பற்றி இன்னொன்று. அரசு நூலகங்களுக்கான நூல்கள் பெரும்பாலும் தலைநகரில் தேர்வாகி, ஒரே பட்டியலாக எல்லா ஊருக்கும் வருகின்றன. இது நியாயமான முறைதான், சிற்றூருக்கும் மாநகருக்கும் ஒரே புத்தகம் கிடைக்கிறது. ஆனால் அதனால் கானாடுகாத்தான் நூலகமும் கடலூர் நூலகமும் பார்வைக்கு ஒன்றுபோல ஆகிவிடுகின்றன. தமிழ்ப் பதிப்புலகில் செட்டிநாட்டுக்காரர்கள் பதித்த தடம் சிறியதல்ல. இராயவரத்து வை. கோவிந்தன் தம் சக்தி காரியாலயத்தின் வழியே பாரதியார் கவிதைகளை ஒன்றரை ரூபாய்க்குக் கொடுத்து ஏழை வீட்டுக்கும் நூலைக் கொண்டுசேர்த்தார். அதே இராயவரத்தில் பிறந்த அழ. வள்ளியப்பாவின் பாட்டைப் பாடாமல் தமிழ்க் குழந்தை பள்ளியைக் கடப்பதில்லை. நெற்குப்பை சோமலெ மாவட்டம் மாவட்டமாகத் தமிழ்நாட்டை எழுதினார். இவர்கள் எழுதியவையும் வெளியிட்டவையும் ஒரே தட்டில் இருக்கும்படி ஒவ்வொரு கிளை நூலகமும் ‘நம் ஊர்’ அலமாரி ஒன்றை வைக்கலாம். 2025இல் காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழக வளாகத்தில் திறக்கப்பட்ட லட்சுமி வளர்தமிழ் நூலகம் போன்ற பெரிய நிறுவனங்கள் ஆய்வாளருக்குப் பயன்படும். சின்னஞ்சிறு கிளை நூலகத்தின் உள்ளூர் அலமாரி, அவ்வூரிலேயே பிறந்து அவ்வூரிலேயே இருக்கப்போகும் பிள்ளைக்குப் பயன்படும்.

அந்த அலமாரியில் அச்சிட்ட நூல்கள் மட்டும் இருக்க வேண்டியதில்லை. பூட்டிய வீடுகளின் பெட்டகங்களில் பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் வந்த கடிதங்களும், பேரேடுகளும், திருமணத்தின்போது எழுதிய இசைகுடிமானம் என்னும் ஒப்பந்தங்களும், மொய்க் கணக்குகளும் கிடக்கின்றன. வீடு விற்கப்படும்போது தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போகின்றன. மரத்துக்கு விலை உண்டு, தாளுக்கு எடை மட்டுமே. பழைய பேப்பர் கடைத் தராசில் ஒரு குடும்பத்தின் அறுபது ஆண்டுகள் கிலோக் கணக்கில் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஊர் நூலகம் இவற்றை எல்லாம் ஏற்றுக் காப்பதற்கு இடமும் வசதியும் கொண்டதல்ல. ஆனால் மாசியில் ஊர் நிறையும் அந்த வாரத்தில், ‘கழிக்கும் முன் எங்களிடம் காட்டுங்கள்’ என்று ஓர் அறிவிப்பை வைத்து, முக்கியமானவற்றைப் படம் எடுத்துக்கொண்டு, அரியவற்றை ஆராய்ச்சி நூலகங்களுக்கு அனுப்ப வழி சொல்ல அதனால் முடியும். பெண்கள் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் அப்படித்தான் காக்கப்பட வேண்டும், ஏனென்றால் அவை பெரும்பாலும் எந்தப் பேரேட்டிலும் ஏறியதில்லை.

எங்கள் நூலக வாசகர் வட்டம் அப்படி ஒரு மாசி மாதத்தில் கேட்டபோது, எண்பதைத் தாண்டிய ஆச்சி ஒருவர் பழுப்பேறிய நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அப்பத்தாவிடம் கேட்டுத் தாம் எழுதிவைத்த தாலாட்டுகள், அவற்றோடு தாமே கட்டிய சிலவும் அதில் இருந்தன. நூலகர் நன்கொடைப் பதிவேட்டை விரித்து, தேதியும் எண்ணும் இட்டு, ஆசிரியர் என்ற கட்டத்துக்கு வந்ததும் நிமிர்ந்தார். ஆச்சி தம் கணவரின் விலாசத்தைச் சொல்லி, ‘அவுக வீட்டு ஆச்சின்னு போட்டுக்கங்க தம்பி’ என்றார். ‘இல்லை ஆச்சி, எழுதினவுக பேரைத்தான் போடணும்’ என்றார் நூலகர். ஆச்சி சற்று நேரம் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தம் பெயரைச் சொன்னார். பிறகு அதை எழுத்துக் கூட்டி எழுதும்வரை பக்கத்திலேயே நின்றார்.